"சார்தான் சொன்னார்" என்று என்னைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்



நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே படிக்கலாம் என்று நினைத்தால் காபி ஆறிவிடும்; குடித்துவிட்டு வாருங்கள்.

என் தம்பி பேத்திக்கு ஆவணியில் கல்யாணம். போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பெண் இரண்டு வரி எழுதினாள். "முகூர்த்தத்துக்குப் புதுசா பட்டு எடுக்காதீங்க. புழுவை ஆவியில வேகவச்சு எடுக்கற நூலை அன்னைக்கு நான் உடுத்திக்க விரும்பல." அவ்வளவுதான். காஞ்சிபுரத்தில், அதுவும் தலைமுறை தலைமுறையாகத் தறி ஓடிய வீட்டில், மணப்பெண் இப்படிச் சொன்னால் என்ன ஆகுமோ அது ஆனது. சித்தப்பா ஒருவர் சிரிக்கும் பொம்மைகளை வரிசையாகப் போட்டார். அத்தை ஒருத்தி "கல்யாண நேரத்துல அபசகுனமா பேசாதடி" என்றாள். இன்னொருவர், "ராத்திரி கொசு பேட்டைத் தூக்கறப்ப இந்த ஞானம் எங்க போச்சு?" என்று கேட்டார். இதையெல்லாம் நான் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பேன். என்னிடம் பிளஸ் டூ படித்து இன்று மருத்துவராக இருக்கும் நம் உறவுக்காரப் பையன் எழுதியதுதான் என்னை உட்காரவிடவில்லை. "புழுவுக்கு மூளையே கிடையாது. மூளை இல்லாம வலி எப்படி வரும்? லேப்ல பெரியப்பாவே சொல்லியிருக்கார்." அதற்குக் கீழே பதினேழு கட்டைவிரல்கள். மறுநாள் அதே வரி பழைய மாணவர் குழுவிலும் வந்துவிட்டது. என் பெயரோடு.

அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

ஆமாம், சொன்னேன். 1978 முதல் 2010 வரை விலங்கியல் எடுத்தவன். தவளையும் கரப்பான் பூச்சியுமாக எத்தனை அறுத்திருப்பேன் என்று கணக்கு வைத்ததில்லை. ஒரு செய்முறை வகுப்பில், மெழுகுத் தட்டில் குத்தி வைத்த தவளை காலை இழுத்தது. மயக்க மருந்து போதவில்லை. முன்வரிசையில் நின்ற பெண் கேட்டாள்: "சார், இதுக்கு வலிக்குமா?" நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது அனிச்சைச் செயல்மா. வலிக்காது. படத்தை வரை." நாற்பது பிள்ளைகள், இரண்டு பீரியடு, அடுத்த வாரம் வெளித் தேர்வாளர் வரப்போகிறார். வலி பற்றி அதுவரை நான் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. அந்த "வலிக்காது" அறிவியலிலிருந்து வரவில்லை, கால அட்டவணையிலிருந்து வந்தது. 2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி விலங்கியல் வகுப்புகளில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொன்னபோதும், "இனிமே பிள்ளைங்க என்னத்தைக் கத்துக்கும்" என்று நடைப்பயிற்சி நண்பர்களிடம் அங்கலாய்த்தவன்தான் நான். ஓய்வுபெற்ற பிறகு படிக்க நேரம் கிடைத்தது. படிக்கப் படிக்க அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. அவள் இந்தப் பதிவைப் படித்தால், நான் அன்று சொன்னது எனக்குத் தெரியாத ஒன்று என்பதை அறிந்துகொள்ளட்டும்.

இப்போது டாக்டர் தம்பிக்கு வருகிறேன்.

புழுவுக்கு மூளை இல்லை என்பது தவறு. பட்டுப்புழுவுக்குத் தலையில் மூளை உண்டு, வயிற்றுப்பக்கமாக ஓடும் நரம்பு வடம் உண்டு, கண்டத்துக்குக் கண்டம் நரம்பு முடிச்சுகள் உண்டு. கரப்பான் பூச்சியின் நரம்பு மண்டலத்தை வரைந்து நீ பத்துக்கு எட்டு வாங்கினாயே, ஏறக்குறைய அதே அமைப்பு. "கூட்டுக்குள்ள போனதும் புழு கரைஞ்சு கூழாயிடும், அப்ப எதுக்கு வலிக்கும்" என்று இன்னொரு மாணவர் கேட்டிருந்தார். உருமாற்றத்தில் பல திசுக்கள் கரைவது உண்மை. ஆனால் நரம்பு மண்டலம் முழுக்கக் கரைவதில்லை, மாற்றிக் கட்டப்படுகிறது. கூட்டை வெட்டி உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவை விரலால் தொட்டுப் பாருங்கள், வயிற்றை நெளிக்கும்.

இதைவிட அழுத்தமான சான்று ஒன்று இருக்கிறது. 2008-ல் அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் புகையிலைப் புழுவை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அது பட்டுப்புழுவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். ஒரு குறிப்பிட்ட வாசனையைக் காட்டும்போதெல்லாம் புழுவுக்கு லேசாக மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். புழு அந்த வாசனையை வெறுக்கக் கற்றுக்கொண்டது. பிறகு கூடாகி, உருமாறி, அந்துப்பூச்சியாக வெளியே வந்தது. வந்த பூச்சியும் அதே வாசனையிலிருந்து விலகிப் போயிற்று. புழுப் பருவத்தின் கடைசிக் கட்டத்தில் பயிற்சி பெற்றவற்றுக்கு அந்த நினைவு இருந்தது. கூட்டுக்குள் எல்லாமே கூழாகிவிடுகிறது என்றால் அந்த நினைவு எங்கே தங்கியிருந்தது?

ஆனால் நான் வக்கீல் இல்லை, வாத்தியார். எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். விலகிப் போவதெல்லாம் வலி ஆகாது. சூடான தோசைக்கல்லில் கை பட்டால், "சுடுகிறது" என்று நமக்கு உறைப்பதற்கு முன்பே கை திரும்பி வந்துவிடும். அந்த இழுப்பைத் தண்டுவடமே பார்த்துக்கொள்ளும். வலி அதன் பின்னால் வந்து சேரும். ஆகவே புழு நெளிகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு வலிக்கிறது என்று சொல்ல முடியாது. 1984-ல் ஆஸ்திரேலியப் பூச்சியியலாளர்கள் சிலர் இதைத்தான் எழுதினார்கள். கால் நசுங்கிய பூச்சி நொண்டாமல் அதே காலை ஊன்றி நடக்கிறது. கும்பிடுபூச்சி தன்னைத் தின்றுகொண்டிருக்கும்போதே வெட்டுக்கிளி இலையைத் தின்றுகொண்டிருக்கிறது. வலி இருந்தால் இப்படி நடக்குமா என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. இன்னும் அதற்கு முழு விடை கிடைக்கவில்லை.

மறுபக்கத்தில் 2022-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தினர் பெருவண்டுத் தேனீக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பார்த்தார்கள். சில கிண்ணங்களின் மேடையை 55 டிகிரிக்குச் சூடாக்கினார்கள், சிலதைச் சூடாக்கவில்லை. இனிப்பு ஒரே அளவாக இருந்தபோது தேனீக்கள் சூட்டைத் தவிர்த்தன. சூடான பக்கத்தில் இனிப்பு அதிகம் என்றால் சூட்டைப் பொறுத்துக்கொண்டு போய்க் குடித்தன. வெறும் அனிச்சைச் செயலுக்கு இந்த லாப நஷ்டக் கணக்குப் போடத் தெரியாது. ஏதோ ஒன்று உள்ளே இரண்டையும் எடைபோடுகிறது. 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் விஞ்ஞானிகளும் தத்துவ அறிஞர்களும் வெளியிட்ட பிரகடனம், பூச்சிகளுக்கும் உணர்வு இருப்பதற்கு உண்மையான வாய்ப்பு உண்டு என்கிறது. நிரூபித்துவிட்டோம் என்று சொல்லவில்லை. வாய்ப்பு இருக்கும்போது அதை ஒதுக்கித் தள்ளுவது பொறுப்பில்லாத செயல் என்கிறது.

"அப்ப தெரியாதுதானே பெரியப்பா? தெரியாதவரைக்கும் வலிக்காதுன்னு வச்சுக்கலாமே" என்பாய். உன் துறையிலேயே இந்தப் பேச்சு ஒரு முறை நடந்தது, தம்பி. 1980-கள் வரை பச்சிளங்குழந்தைகளுக்குப் பெரிய அறுவை சிகிச்சையைக்கூட மிகக் குறைந்த மயக்க மருந்தோடு செய்தார்கள். பல மருத்துவமனைகளில் கை கால் அசையாமலிருக்க மருந்து கொடுப்பார்கள், வலிக்கென்று ஏதும் தரமாட்டார்கள். "குழந்தையின் நரம்பு இன்னும் முதிரவில்லை, அது அழுவது அனிச்சைச் செயல்" என்பதுதான் காரணம். வார்த்தையைப் பார்த்தாயா? நான் லேபில் சொன்ன அதே வார்த்தை. கன்வல்ஜீத் ஆனந்த் என்ற இந்திய வம்சாவளி மருத்துவர், அறுவையின்போது குழந்தைகளின் ரத்தத்தில் ஏறும் சுரப்புகளை அளந்து, முறையாக மயக்கமும் வலி மருந்தும் கொடுத்தால் அவை நன்றாகத் தேறுவதையும் காட்டி, 1987-ல் வெளியான கட்டுரைகளால் அந்த வழக்கத்தை அசைத்தார். அதற்கு முன்னால் மேசையில் கிடந்த பிள்ளைகள் எத்தனை என்று யாருக்குத் தெரியும்? அவர்களைக் கீறியவர்கள் கொடியவர்கள் அல்ல, உன்னைப் போலப் படித்தவர்கள். தெரியாதபோது, தங்கள் வேலைக்கு எது வசதியோ அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டார்கள்.

சரி, கொசு. கொசு என்னைக் கடிக்க வருகிறது, அடிக்கிறேன். பட்டுப்புழு யாரையும் கடிக்க வரவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டு மனிதன் வளர்த்து வளர்த்து, அந்துப்பூச்சிக்கு இறக்கை இருந்தும் பறக்கத் தெரியாது. நம்மை விட்டால் அதற்குப் போக்கிடமும் கிடையாது.

"செடிக்கும் உயிர் இருக்கு, ஜெகதீஷ் சந்திர போஸே சொல்லிட்டார்" என்றவருக்கு: செடிக்கு நரம்பு இல்லை என்பதை விடுங்கள். உங்கள் வாதத்தையே ஏற்றுக்கொள்கிறேன். ஒரு கிலோ பட்டுக்கு நூறு கிலோவுக்கு மேல் முசுக்கொட்டை இலை பறித்துப் போடவேண்டும். இலைக்கும் வலிக்கும் என்றால் பட்டுப் புடவையில் இரண்டு வலியும் சேர்ந்திருக்கிறது. உங்கள் பக்கத்துக்கு இது எப்படி உதவும் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்து, "பட்டுதான் மடி, பட்டுதான் சுத்தம்" என்ற அத்தைக்கு. அத்தை, உங்கள் பூஜை அறையில் மகாபெரியவர் படம் மாலையோடு இருக்கிறது. இந்த ஊரில் இருந்துகொண்டே, இத்தனை உயிரைக் கொன்று எடுக்கும் பட்டு வேண்டாம் என்று பெண்களிடம் சொல்லிவந்தவர் அவர். நெசவாளர் ஊரில் உட்கார்ந்து அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கொல்லாமையை உயிர்மூச்சாகக் கொண்ட சமணர்களின் ஊர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் பெயரே திருப்பருத்திக்குன்றம். பெயரில் இருப்பது பருத்தி. அந்தப் பெண் சொன்னது வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான பேச்சு என்று ஒருவர் எழுதியிருந்தார். கொல்லாமைக்கென்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர் எந்த வெளிநாடு? (வரதராஜப் பெருமாள் கோயிலில் பல்லி விழுந்த தோஷம் போக தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட வரிசையில் நிற்கிறோம். பல்லிக்கு அவ்வளவு மரியாதை!)

ருக்மிணி தேவி அருண்டேலை நடனத்துக்காக மட்டும்தான் நமக்குத் தெரியும். 1952-ல் மாநிலங்களவைக்குப் போனவர், விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சிதான் 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்தச் சட்டத்தில் "விலங்கு" என்றால் மனிதரைத் தவிர்த்த எந்த உயிரினமும் என்று எழுதியிருக்கிறது. புழுவும் அதில் அடக்கம். அதே ருக்மிணி தேவிதான் கலாக்ஷேத்திராவில் தறி போட்டு, பழைய காஞ்சிபுரம் கரைகளையும் வண்ணங்களையும் மீட்டு, பட்டுப் புடவைக்குப் புது மவுசு தேடிக் கொடுத்தார். இதைச் சொல்லி அவரை இறக்கிக் காட்டுவதாக நினைக்காதீர்கள். அத்தனை கருணை உள்ளவர் கண்ணிலிருந்துகூட நூலுக்குப் பின்னால் இருந்த புழு மறைந்துவிட்டது என்றால், நானும் நீங்களும் எம்மாத்திரம்?

மறைவதற்கு நம் ஊரில் ஒரு வசதியும் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பட்டு நூலாகத்தான் வந்து சேரும். ராமநகரம், தர்மபுரி என்று கூட்டுச் சந்தைகள் எங்கோ இருக்கின்றன. பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் நாற்பது வருஷம் உட்கார்ந்த என் அப்பா ஒரு பட்டுப்புழுவைக்கூடப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். நான் பார்த்தது 1988-ல், மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப் போனபோது. ஒரு நூற்பகம். புழு கூடு கட்டி முடித்துப் பத்துப் பன்னிரண்டு நாளில் பூச்சியாகி, கூட்டை நனைத்துத் துளைத்து வெளியே வரும். துளைத்தால் பல நூறு மீட்டர் நீள ஒற்றை இழை துண்டு துண்டாகிவிடும். அதற்கு முன்பே ஆவியிலோ சூடான காற்றிலோ வைத்துவிடுகிறார்கள். வைப்பதற்கு முன் ஒரு கூட்டை எடுத்து என் காதருகே ஆட்டிக் காட்டினார் அங்கே இருந்தவர். உள்ளே ஏதோ உருண்டது. "உசிரு இருக்கு சார்," என்றார் சாதாரணமாக. பிறகு வெந்நீர்த் தொட்டிகள். அவிந்த கூட்டுப்புழுவின் நாற்றம் சட்டையை விட்டுப் போக இரண்டு துவைப்பு ஆயிற்று. தொட்டி முன்னால் நாள் முழுக்க வெந்நீரில் விரலை விட்டு இழை தேடும் பெண்களின் கைகள் வெளுத்து ஊறி, நகக்கண் புண்ணாகி இருந்தன. அவர்களுக்கு வலிக்குமா என்பதில் எந்த விஞ்ஞானிக்கும் சந்தேகம் கிடையாது. அதையும் நாம் எந்தக் கல்யாணத்திலும் கேட்டதில்லை.

கணக்கு ஒன்று, கையோடு போட்டுவிடுவோம். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆறு, ஏழு கிலோ கூடு வேண்டும். ஒரு கூடு ஒன்றரை முதல் இரண்டு கிராம். ஒரு புடவையில் ஜரிகை போக அரைக் கிலோ பட்டு என்று வைத்தால், ஏறக்குறைய இரண்டாயிரம் கூடுகள். நம் கல்யாணத்துக்கு எத்தனை புடவை எடுக்கப் போகிறோம் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

"அகிம்சைப் பட்டு இருக்கே" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். இருக்கிறது. 1990 வாக்கில், அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மனைவி ஜானகி அம்மையார், புழுவைக் கொல்லாமல் பட்டு கிடைக்குமா என்று கேட்டார். ஆந்திரக் கைத்தறித் துறையில் இருந்த குசும ராஜய்யா அதைப் பிடித்துக்கொண்டு உருவாக்கியதுதான் அது. பூச்சியை வெளியே விட்டுவிட்டு, அறுந்த இழையைப் பஞ்சு போல நூற்பார்கள். நூல் சற்றுச் சொரசொரப்பு, பளபளப்பு குறைவு, விலை அதிகம். அதிலும் முடிச்சு இருக்கிறது. வெளியே வரும் பெண் பூச்சி ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அத்தனையும் பொரித்தால் யார் இலை போடுவது? ஆகவே முழுக்கக் கை கழுவிக்கொள்ள அதுவும் வழி தராது. ஆனாலும் ஒரு தமிழ்ப் பெண்மணி கேட்ட கேள்விக்கு, சிரிக்காமல் ஒரு கைத்தறி அதிகாரி பதில் தேடியிருக்கிறார். நம் குழுவில் கேட்ட பெண்ணுக்குக் கிடைத்தது பொம்மைச் சிரிப்பு.

"பட்டு வேணாம்னா நெசவாளி வயித்துல மண்ணா?" இதைக் கேட்டவர் தி. நகரில் வீடு வாங்கியவர், நெய்ததில்லை. நான் தறி வீட்டுப் பிள்ளை. கோர்வைப் புடவைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிவிடும் பையனாகப் பள்ளிக்கூடம் போகும் முன்னும் வந்த பின்னும் உட்கார்ந்தவன். என் படிப்புக்குக் கட்டிய பணம் பட்டில் வந்தது. நெசவாளியை ஒரு சொல் குறை சொன்னால் எனக்கே முதலில் பொறுக்காது. ஆனால் நெசவாளிக்கு வயிறு காய்வது ஒரு மணப்பெண் பட்டு வேண்டாம் என்பதாலா? விசைத்தறியில் ஓட்டியதைக் கைத்தறி என்று விற்கிறார்களே, அப்போது இந்தக் குழுவில் எத்தனை பேர் பேசினீர்கள்? கூலி உயர்வு கேட்டு நெசவாளர்கள் தெருவில் நின்றபோது எத்தனை பேர் போய் நின்றீர்கள்?

பட்டை யாரும் கட்டக் கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. என் மனைவியின் பீரோவில் ஆறு இருக்கிறது. நான் கேட்பது சின்ன விஷயம். "எனக்குப் பிடிச்சிருக்கு, வழக்கம், விட மனசில்லை" என்று சொல்லிவிட்டு வாங்குங்கள். அதில் பொய் இல்லை. "அதுக்கு வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை நீங்கள் கண்டுபிடிக்கவில்லை, என்னிடமிருந்து வாங்கிக்கொண்டீர்கள். கொடுத்தவனே திரும்பக் கேட்கிறேன். டாக்டர் தம்பி, இரண்டு குழுவிலும் அந்த வரியை நீயே நீக்கிவிடு. அந்தப் பெண்ணுக்கும் ஒரு வார்த்தை எழுது.

அவள் என்ன உடுத்தப் போகிறாள் என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு: முந்தாநாள் என் வீட்டுக்கு வந்தாள். "பெரிய தாத்தா, கொள்ளுப்பாட்டியோட அந்தப் புடவை இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது. 1962-ல் எனக்குப் பத்து வயதில், தூக்கக் கலக்கத்தில் நாடாவைத் தப்பாக விட்டு, கோர்வையில் இரண்டு விரல் அளவுக்கு நான் கெடுத்த புடவை. நெய்யக் கொடுத்தவர் வாங்க மறுத்து, பட்டுக்கும் ஜரிகைக்கும் அப்பாவின் கூலியில் பல மாதம் பிடித்தார். அப்பா என்னை அடிக்கவில்லை. அம்மாவிடம் மடித்துக் கொடுத்து, "நீயாவது கட்டிக்க" என்றார். எத்தனையோ பெண்களுக்கு முகூர்த்தப் புடவை நெய்த வீட்டில் அம்மாவுக்கு என்று இருந்த ஒரே பட்டு அதுதான். அந்த இரண்டாயிரம் கூடுகளும் அறுபது வருஷத்துக்கு முன்பே அவிந்துவிட்டன. இன்னொரு முறை அவிக்க வேண்டியதில்லை என்றாள் அந்தப் பெண்.

அரக்கு நிறம், பச்சைக் கரை. ஜரிகை கொஞ்சம் கறுத்திருக்கிறது, அது பரவாயில்லை. மடிப்பு விழுந்த இடங்களில் பட்டு இற்றுப்போகத் தொடங்கியிருக்கிறது. உள்பக்கம் மெல்லிய துணி வைத்துத் தைத்துத் தரத் தெரிந்த நம்பிக்கையான ஆள் யாராவது பெரிய காஞ்சிபுரம் பக்கம் இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் வேண்டும்.